தரவுத்தளத்தில் தேதி: நாள் முதலா, மாதம் முதலா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அக்சஸ் என்ற மைக்ரோசாஃப்ட் தரவுத்தள மென்பொருளில் பில் போடுகிறவர்கள், எக்செல் கோப்பை டேபிளுக்குள் ஏற்றுகிறவர்கள், சின்னக் கடைகளுக்கு சாஃப்ட்வேர் எழுதித் தருகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். குழப்பம் வராமல் இருக்கப் பெரும்பாலும் ஒரே தேதியை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன்: 2024 மார்ச் 5, செவ்வாய்க்கிழமை. நம் வழக்கப்படி எழுதினால் 05/03/2024.

ஒரே மாதிரிதான் அடிக்கிறோம். ஒரு கம்ப்யூட்டரில் மார்ச் 5 என்றும் இன்னொன்றில் மே 3 என்றும் பதிவாகிறது. ஏன்?

இரண்டு கம்ப்யூட்டரிலும் விண்டோஸின் வட்டார அமைப்பு வேறு வேறாக இருக்கிறது. இந்தியா, இலங்கை, பிரிட்டன் ஆகிய நாடுகளில் அன்றாட வழக்கு நாள், மாதம், ஆண்டு. அமெரிக்காவில் மாதம், நாள், ஆண்டு. சீனா, ஜப்பான், கொரியாவில் ஆண்டுதான் முதலில் வரும். கனடாவில் எல்லா வழக்கமும் கலந்து கிடக்கிறது. நீங்கள் அடிக்கும் எட்டு இலக்கங்களை எந்த வரிசையில் படிப்பது என்பதை விண்டோஸ் அந்த அமைப்பைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது.

நம் ஊரில் நடப்பது இதுதான். விண்டோஸ் ஏற்றுகிறவர் அமெரிக்க ஆங்கிலத்தை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுவார். இன்னொரு மெஷினில் யாரோ இந்திய ஆங்கிலம் என்று மாற்றியிருப்பார்கள். இரண்டு பேரும் ஒரே அக்சஸ் கோப்பைத் திறந்து, ஒரே மாதிரி பில்லை, ஒரே மாதிரி அடிப்பார்கள். உள்ளே போவது இரண்டு தேதி. அடித்தவர் மேல் தவறு இல்லை. இப்படி ஒரு பிரச்சினையில் டேட்டா என்ட்ரி செய்கிற பெண்ணைத் திட்டுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

தரவுத்தளத்துக்குள் தேதி எந்த ஃபார்மேட்டில் இருக்கிறது?

எந்த ஃபார்மேட்டிலும் இல்லை. இது புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது. உள்ளே இருப்பது ஓர் எண். அக்சஸ் 1899 டிசம்பர் 30ஐப் பூஜ்யமாக வைத்து நாட்களை எண்ணுகிறது. அந்தக் கணக்கில் 2024 மார்ச் 5 என்பது 45356, மே 3 என்பது 45415. நேரம் தசமப் பகுதியில் இருக்கும். 45356.75 என்றால் அன்று மாலை 6 மணி.

டிசம்பர் 30 என்ற வினோதமான தொடக்கத்துக்கு ஒரு விளைவு உண்டு. எக்செல் 1900 ஜனவரி 1ஐ 1 என்று எண்ணத் தொடங்குகிறது. ஆனால் 1900 லீப் ஆண்டு இல்லை என்பதை அது பார்ப்பதில்லை, இல்லாத பிப்ரவரி 29ஐயும் சேர்த்து எண்ணிவிடுகிறது. பழைய லோட்டஸ் 1-2-3 விரிதாளில் இருந்த பிழை அது. அந்தக் கோப்புகளோடு ஒத்துப்போவதற்காக எக்செல்லும் அப்படியே வைத்துக்கொண்டது. அக்சஸ் இரண்டு நாள் முன்னால் தொடங்குவதால் 1900 மார்ச் 1 முதல் இரண்டின் எண்களும் ஒன்றாகிவிடுகின்றன.

ஆக, டேபிள் வடிவமைப்பில் ஃபார்மேட் என்ற இடத்தில் என்ன போட்டாலும் அது கண்ணுக்குக் காட்டும் அலங்காரம் மட்டுமே. 45415 என்று தவறாகப் போய்விட்ட எண்ணை எந்த ஃபார்மேட்டும் 45356 ஆக்காது. குழப்பம் பிறக்கும் இடம் ஒன்றே ஒன்று: எழுத்தாக இருக்கும் தேதி எண்ணாக மாறும் அந்த நொடி.

தவறான தேதி என்றால் எரர் வர வேண்டாமா? பாதித் தேதி சரியாக வருகிறதே!

இதில் எனக்கு உண்மையிலேயே கவலை தருவது இதுதான். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். நாளும் மாதமும் இடம் மாறிப் படிக்கப்பட வேண்டுமானால் நாள் 12க்குள் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட தேதிகள் ஓர் ஆண்டில் 12 பெருக்கல் 12, அதாவது 144. அதில் 01/01, 02/02 போன்ற 12 தேதிகள் மாற்றினாலும் அதேதான். மிச்சம் 132. 365 நாளில் 132 நாள் தவறாகப் போகும், 233 நாள் சரியாக இருக்கும்.

அந்த 233 நாள் எப்படிச் சரியாக வருகிறது? அக்சஸ் உங்களுக்கு உதவுவதாக நினைத்துக்கொள்கிறது. மாதம் முதலில் என்று படிக்க முயன்று, 25ஆவது மாதம் கிடையாது என்று தெரிந்ததும், சத்தமில்லாமல் வரிசையை மாற்றி 25ஐ நாளாக எடுத்துக்கொள்கிறது. அமைப்பு இந்திய முறையில் இருக்கும்போது 12/13/2024 என்று அடித்துப் பாருங்கள், டிசம்பர் 13 என்று ஏற்றுக்கொள்ளும். எச்சரிக்கை எதுவும் வராது. புரோகிராமர் மாதத்தின் 20ஆம் தேதி சோதித்துப் பார்த்திருப்பார், எல்லாம் சரியாக இருந்திருக்கும். அடுத்த மாதம் 1ஆம் தேதி தொடங்கி 12ஆம் தேதி வரை தப்பு தப்பாகப் பதிவாகும், 13ஆம் தேதி தானாகவே சரியாகிவிடும்.

எனவே சோதிக்கும்போது ஒரு தேதி 12க்குள்ளும் ஒரு தேதி 12க்கு மேலும் எடுத்துக்கொள்ளுங்கள். 05/03, 25/03 என்ற ஜோடி எனக்குப் பழக்கம்.

ஃபார்மில் தேதி சரியாகத் தெரிகிறது. ரிப்போர்ட் எடுத்தால் மட்டும் வேறு மாதத்து பில் வருகிறது. என்ன காரணம்?

அக்சஸ் பயன்படுத்தும் இந்தியர்கள் அனைவரும் ஒருமுறையாவது முட்டிக்கொள்ளும் சுவர் இது. ஃபார்மில் அடிக்கும் தேதி விண்டோஸ் அமைப்பைப் பின்பற்றும். ஆனால் எஸ்க்யூஎல் (தரவுத்தளத்திடம் தரவு கேட்கும் மொழி) வரிக்குள் இரண்டு # குறிகளுக்கு நடுவே எழுதும் தேதி எப்போதும் அமெரிக்க வரிசையிலேயே படிக்கப்படும். உங்கள் விண்டோஸ் எந்த நாட்டில் இருந்தாலும் அப்படித்தான். குவெரி (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி) வடிவமைக்கும் திரையில் 05/03/2024 என்று போட்டுவிட்டு எஸ்க்யூஎல் பார்வைக்குப் போனால் #3/5/2024# என்று அக்சஸே திருப்பி எழுதியிருப்பதைப் பார்க்கலாம்.

அந்தத் திரையில் வேலை செய்தால் சிக்கல் இல்லை. நிரலில் எஸ்க்யூஎல் வரியை ஒட்டுப்போட்டுத் தயாரிக்கும்போதுதான் மாட்டிக்கொள்கிறோம். ஃபார்மில் இருக்கும் தேதியை அப்படியே இரண்டு # குறிக்கு நடுவே ஒட்டினால், அது முதலில் விண்டோஸ் அமைப்பின்படி எழுத்தாக மாறுகிறது: 05/03/2024. அப்புறம் தரவுத்தளம் அதையே அமெரிக்க வரிசையில் படிக்கிறது: மே 3.

ஒரு மொத்த வியாபாரக் கடையில் மார்ச் 1 முதல் 10 வரை விற்பனைப் பட்டியல் கேட்டார்கள். நான் எழுதியிருந்த குவெரி ஜனவரி 3 முதல் அக்டோபர் 3 வரை என்று புரிந்துகொண்டது. ஒன்பது மாத விற்பனை பத்து நாள் விற்பனையாக அச்சாகி வந்தது. முதலாளி அதைப் பார்த்துச் சிரித்ததால் உடனே பிடிபட்டது. சின்ன வித்தியாசமாக இருந்திருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

தீர்வு மூன்று உண்டு. சிறந்தது, குவெரிக்குப் பாராமீட்டர் (மதிப்பு பிறகு வந்து நிரம்பும் இடம்) வைத்து, தேதியைத் தேதியாகவே அனுப்புவது. நடுவில் எழுத்தாக மாறவே மாறாது என்பதால் குழப்பத்துக்கு இடமே இல்லை. இரண்டாவது, டேட்சீரியல் செயற்கூற்றில் ஆண்டு, மாதம், நாள் என்று மூன்று எண்களைத் தனித்தனியாகக் கொடுப்பது. மூன்றாவது, ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால் ஃபார்மேட் செயற்கூற்றால் 2024-03-05 என்றோ 03/05/2024 என்றோ வெளிப்படையாக மாற்றி ஒட்டுவது. இதில் ஒரு நுணுக்கம். ஃபார்மேட் வரியில் சாய்கோடு போட்டால் அது சாய்கோடாகவே வரும் என்று நம்பாதீர்கள். விண்டோஸ் அமைப்பில் பிரிக்கும் குறி என்ன இருக்கிறதோ அது வரும். புள்ளியாகவும் இருக்கலாம், சிறுகோடாகவும் இருக்கலாம். சாய்கோட்டுக்கு முன்னால் பின்சாய்கோடு ஒன்று போட்டால்தான் அது அப்படியே நிற்கும்.

எல்லா மெஷினிலும் இந்திய அமைப்பு என்று மாற்றிவிட்டால் போதாதா?

செய்யுங்கள், நல்லதுதான். ஆனால் அதை நம்பி நிரல் எழுதாதீர்கள். அடுத்த மாதம் ஒரு புது லேப்டாப் வரும், பழைய மெஷினில் விண்டோஸ் திரும்ப ஏற்றப்படும், கோப்பு வெளிநாட்டுக் கிளைக்குப் போகும். யார் கையில் எந்த அமைப்பு இருந்தாலும் ஒரே மாதிரி நடக்கும் நிரல்தான் தேவை. மேலே சொன்ன # குறிச் சிக்கல் அமைப்பை மாற்றினாலும் தீராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வரில் 2024-03-05 என்று எழுதினால் பாதுகாப்புதானே?

முழுப் பாதுகாப்பு இல்லை என்றால் பலர் நம்ப மறுக்கிறார்கள். டேட், டேட்டைம்2 ஆகிய பத்தி வகைகளுக்கு ஆண்டு-மாதம்-நாள் என்றே படிக்கப்படும், பிரச்சினை இல்லை. ஆனால் பழைய டேட்டைம் வகைக்கு, இணைப்பின் மொழி பிரிட்டிஷ் ஆங்கிலமாகவோ பிரெஞ்சாகவோ இருந்தால், 2024-03-05 என்பது ஆண்டு-நாள்-மாதம் என்று படிக்கப்படும். அதாவது மே 3. 2024-03-25 என்றால் எரர் வந்துவிடும், நல்லவேளை.

இந்த மொழி ஒவ்வொரு லாகினுக்கும் தனியாக இருக்கும். அதனால்தான் உங்கள் லாகினில் ஓடும் குவெரி, மற்றவர் லாகினில் வேறு பதில் தருகிறது. எந்த மொழியிலும் மாறாத வடிவம் இரண்டு: நடுவில் எந்தக் குறியும் இல்லாத 20240305, நேரமும் வேண்டுமென்றால் தேதிக்கும் நேரத்துக்கும் நடுவே ஆங்கிலப் பெரிய எழுத்து டி போட்டு எழுதும் ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேசத் தர வடிவம். அந்த ஐஎஸ்ஓ தரம் முதலில் வெளியானது 1988இல். இத்தனை ஆண்டுகள் கழித்தும் நாம் இதைப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

டேட்டைம் வகை 1753 ஜனவரி 1க்கு முந்தைய தேதியை ஏற்காது. 1752இல்தான் பிரிட்டனும் அதன் குடியேற்றங்களும் கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறின, செப்டம்பர் 2க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14 ஆனது. அந்தச் சிக்கலுக்குள் போகாமல் அடுத்த ஆண்டிலிருந்து தொடங்கிவிட்டார்கள். கல்வெட்டு, பழைய ஆவணம் என்று வேலை செய்கிறவர்கள் டேட் வகையை எடுத்துக்கொள்ளுங்கள்.

மற்ற தரவுத்தளங்கள் எப்படி?

ஆரக்கிளில் ஒவ்வொரு செஷனுக்கும் (இணைப்புக்கும்) தனித் தேதி வடிவம் உண்டு. அமெரிக்க அமைப்பில் இயல்பாக வருவது 05-மார்ச்-24 போன்ற வடிவம், மாதம் ஆங்கிலச் சுருக்கத்தில் இருக்கும். உங்கள் மெஷினில் ஓடியது சர்வரில் ஓஆர்ஏ-01843, மாதம் சரியில்லை என்று நின்றால், காரணம் பெரும்பாலும் இதுதான். டூ டேட் செயற்கூற்றில் வடிவத்தைச் சேர்த்தே எழுதுங்கள். ஆரக்கிளின் டேட் வகையில் நேரமும் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

போஸ்ட்கிரெஸ் எனக்கு மிகவும் பிடித்தது. டேட்ஸ்டைல் என்ற அமைப்பு எந்த வரிசையோ அந்த வரிசையில் படிக்கும். மாதம் முதலில் என்று இருக்கும்போது 13/05/2024 கொடுத்தால் வரிசையைத் தானாக மாற்றாது. எரர் தந்து, டேட்ஸ்டைல் வேறாக இருக்க வேண்டுமோ என்று குறிப்பும் தரும்.

மைஎஸ்க்யூஎல் எப்போதும் ஆண்டு முதலில் என்றே எதிர்பார்க்கும். பிரிக்கும் குறியில் மட்டும் அது ரொம்பத் தாராளம்: தேதி வேண்டிய இடத்தில் 10:11:12 என்று கொடுத்தால் 2010 நவம்பர் 12 என்று எடுத்துக்கொள்ளும். 5.7 பதிப்பிலிருந்து கண்டிப்பு முறை இயல்பாகவே இயங்குகிறது. அதற்கு முந்தைய பழைய டேபிள்களில் 0000-00-00 என்று பார்த்தால், யாரோ கொடுத்த செல்லாத தேதியின் எச்சம் அது.

எஸ்க்யூலைட்டில் தேதிக்கென்று தனி வகையே கிடையாது. நீங்கள் என்ன போட்டீர்களோ அதையே வைத்திருக்கும். ஒழுங்கு முழுக்க உங்கள் பொறுப்பு.

சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த எழுத்துக் கோப்பை) எக்செல்லில் திறந்தால் சில தேதி இடப்பக்கமும் சில வலப்பக்கமும் ஒட்டி நிற்கின்றன. அழகுப் பிரச்சினைதானே?

இல்லை, கோப்பு கெட்டுவிட்டது என்ற அறிகுறி அது. நாள் முதலில் இருக்கும் கோப்பை மாதம் முதலில் என்ற அமைப்புள்ள மெஷினில் திறந்திருக்கிறீர்கள். 12க்கு உட்பட்ட நாட்கள் தலைகீழாகித் தேதியாகிவிட்டன. அவை எண் என்பதால் வலப்பக்கம் நிற்கும். 12க்கு மேற்பட்டவற்றை எக்செல்லால் படிக்க முடியவில்லை. வெறும் எழுத்தாக இடப்பக்கம் நிற்கின்றன. இந்த நிலையில் சேமித்துவிட்டால் மூலம் போய்விடும். சேமிக்காமல் மூடுங்கள்.

பிறகு கோப்பை இரண்டு சொடுக்கில் திறக்காமல், டேட்டா மெனு வழியாக உள்ளே கொண்டுவந்து, அந்தப் பத்தி நாள்-மாதம்-ஆண்டு வரிசை என்று நீங்களே சொல்லுங்கள். டெக்ஸ்ட் டூ காலம்ஸ் வசதியிலும் இதே தேர்வு உண்டு.

எக்செல்லின் இந்த அவசரம் அறிவியலையே ஒரு கை பார்த்திருக்கிறது. மார்ச்1, செப்ட்1 என்று ஆங்கிலத்தில் பெயர் கொண்ட மனித மரபணுக்கள் விரிதாள்களில் தேதியாகிக்கொண்டே இருந்தன. கடைசியில் 2020இல் மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு அந்தப் பெயர்களையே மார்ச்எஃப்1, செப்டின்1 என்று மாற்றியதை அறிவித்தது.

ஏற்கெனவே பதிவான தேதிகளில் தலைகீழானவற்றை எப்படிக் கண்டுபிடிப்பது?

பொறுமை வேண்டும், ஆனால் முடியும். முதலில் ஒரு எச்சரிக்கை: மாதவாரியாக எண்ணிப் பார்ப்பது முழு ஆண்டுத் தரவில் உதவாது. மார்ச் 5 மே 3 ஆகும், மே 3 மார்ச் 5 ஆகும். மொத்த எண்ணிக்கை பெரிதாக மாறியிருக்காது.

ஒரே மாதத் தரவு என்றால் தடயம் பளிச்சென்று தெரியும். மார்ச் 1 முதல் 12 வரை போட்ட பில்கள், ஜனவரி 3, பிப்ரவரி 3, மார்ச் 3 என்று டிசம்பர் வரை ஒவ்வொரு மாதத்தின் 3ஆம் தேதியிலும் சிதறிக் கிடக்கும். ஏப்ரல் பில்கள் 4ஆம் தேதிகளில் கிடக்கும். எந்த மாதத்து வேலையோ, அந்த எண்ணில் குவியல்.

மிக நம்பகமான சாட்சி பில் எண். தானாக ஏறும் வரிசை எண்ணின்படி அடுக்கிவிட்டுத் தேதியைப் பாருங்கள். 1411ஆவது பில் மார்ச் 4, 1412ஆவது மே 3, 1413ஆவது மார்ச் 5 என்றிருந்தால் நடுவில் இருப்பவர்தான் ஆள். அப்புறம், வருங்காலத் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். டெலிவரி தேதி ஆர்டர் தேதிக்கு முன்னால் இருக்கிறதா, ஞாயிறு கடை கிடையாது என்றால் ஞாயிற்றுக்கிழமையில் விழும் பில் உண்டா என்றும் தேடுங்கள்.

பிறந்த தேதிகளுக்கு வரிசை எண் உதவாது. இலங்கைத் தரவாக இருந்தால் நல்ல வழி ஒன்று உண்டு. அங்கே தேசிய அடையாள அட்டை எண்ணின் தொடக்கத்தில் பிறந்த ஆண்டும், அதையடுத்த மூன்று இலக்கத்தில் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதும் இருக்கின்றன. பெண்களுக்கு அந்த மூன்று இலக்கத்தோடு 500 கூட்டியிருக்கும். பழைய எண்ணில் ஆண்டு இரண்டு இலக்கம், புதிய 12 இலக்க எண்ணில் நான்கு இலக்கம். லீப் ஆண்டுக் கணக்கால் ஒரு நாள் முன்பின் ஆகலாம். ஆனால் நாளும் மாதமும் தலைகீழானால் குறைந்தது 27 நாள் வித்தியாசம் வரும் என்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ள வாய்ப்பில்லை.

கண்டுபிடித்தாயிற்று. எப்படித் திருத்துவது?

முதலில் கோப்பைப் பிரதி எடுங்கள். அடுத்து, டேபிளில் இரண்டு பத்திகளைச் சேருங்கள்: ஒன்றில் பழைய தேதி அப்படியே, இன்னொன்றில் திருத்தியாயிற்றா என்ற குறி. இந்தக் குறி இல்லாமல் திருத்தும் குவெரியை யாராவது இரண்டாவது முறை ஓட்டினால் எல்லாம் மறுபடியும் தலைகீழாகிவிடும்.

திருத்துவது எளிது. டேட்சீரியலுக்கு ஆண்டு, பழைய நாள், பழைய மாதம் என்று இடம் மாற்றிக் கொடுத்தால் போதும். நாள் 12க்குள் இருக்கும் வரிசைகளை மட்டுமே தொட வேண்டும். அவற்றிலும் எல்லாவற்றையும் அல்ல. தவறான அமைப்பில் இருந்த மெஷின் எதுவோ, அதிலிருந்து வந்தவை மட்டும். எந்த மெஷின் என்ற பதிவு இல்லையென்றால் பில் எண் வரிசையில் முன்னும் பின்னும் இருப்பவற்றைப் பாருங்கள். இப்போதைய தேதி பொருந்தாமல், மாற்றிய தேதி பொருந்தினால் மாற்றுங்கள். இரண்டும் பொருந்தினால் ஊகிக்காதீர்கள். காகித பில்லை எடுத்துப் பாருங்கள்.

இந்தியாவில் இதை அலட்சியமாக விட முடியாததற்கு வரிக் கணக்கும் ஒரு காரணம். 2024 மார்ச் 4 என்பது ஏப்ரல் 3 ஆனால், பில் மாதம் மட்டும் மாறுவதில்லை, நிதியாண்டே மாறிவிடுகிறது. ஜிஎஸ்டி ரிட்டர்ன், ஆண்டுக் கணக்கு இரண்டும் கைகலக்கும்.

ஆண்டை இரண்டு இலக்கத்தில் அடிக்கலாமா?

வேண்டாம். 45 என்று அடித்தால் எந்த நூற்றாண்டு என்பதில் மென்பொருள்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. விண்டோஸில் நீண்ட காலம் இயல்பாக இருந்த எல்லை 2029. அதன்படி அக்சஸில் 29 என்பது 2029, 30 என்பது 1930. எஸ்க்யூஎல் சர்வரின் இயல்பு எல்லை 2049. மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் இரண்டும் 69 வரை 2000களில் வைக்கின்றன. 1945இல் பிறந்த பாட்டியின் பிறந்த தேதியை இவற்றில் ஒன்று சரியாக வைக்கும், மற்றவை பாட்டியை இன்னும் பிறக்கவே இல்லை என்று சொல்லும்.

வெப் ஃபார்மில் மார்ச் 5 தேர்ந்தெடுத்தால் தரவுத்தளத்தில் மார்ச் 4, 18:30 என்று போகிறது. இதுவும் வட்டார அமைப்புப் பிரச்சினையா?

அமைப்பு இல்லை, நேர மண்டலம். 18:30 என்ற எண்ணைப் பார்த்ததும் இந்தியப் புரோகிராமர்களுக்குப் புரிந்துவிடும். ஜாவாஸ்கிரிப்ட்டில் உருவான தேதி நம் நேரப்படி மார்ச் 5 நள்ளிரவு 00:00. அதை ஐஎஸ்ஓ எழுத்தாக மாற்றி அனுப்பும்போது உலகப் பொது நேரத்துக்கு மாறுகிறது. ஐந்தரை மணி நேரம் கழித்தால் முந்தைய நாள் 18:30. சர்வர் நேரத்தை வெட்டிவிட்டு நாளை மட்டும் எடுத்தால் மார்ச் 4.

பிறந்த நாள், பில் நாள் போன்றவற்றுக்கு நேரமே கிடையாது. நேரம் உள்ள ஒன்றாக அவற்றை மாற்றாதீர்கள். ஹெச்டிஎம்எல் டேட் பெட்டி, திரையில் பயனர் ஊர் வழக்கப்படி காட்டினாலும், அனுப்புவது எப்போதும் 2024-03-05 என்ற வடிவம்தான். அந்த எழுத்தையே சர்வர்வரை கொண்டுபோய், டேட் வகைப் பத்தியில் நேரடியாக வையுங்கள்.

மார்ச் 1 முதல் 31 வரை என்று கேட்டேன். 31ஆம் தேதி பில்கள் வரவில்லை.

பத்தியில் நேரமும் சேர்ந்து பதிவாகியிருக்கும். மார்ச் 31 என்றால் அன்றைய நள்ளிரவு 00:00 என்று பொருள். காலை 10 மணி பில் அதைத் தாண்டிவிட்டது. மார்ச் 1 அல்லது அதற்குப் பின், ஏப்ரல் 1க்கு முன் என்று கேளுங்கள். 23:59:59.999 என்று எழுதும் குறுக்குவழி எஸ்க்யூஎல் சர்வரின் டேட்டைம் வகையில் அடுத்த நாளாக முழுமையாகிவிடும், அந்த வகை மில்லிசெகண்டை அவ்வளவு துல்லியமாக வைப்பதில்லை.

பேசாமல் தேதியை டெக்ஸ்ட் பத்தியில் வைத்துவிட்டால்?

02/01/2024க்கு முன்னால் 01/12/2024 வந்து நிற்கும், பிப்ரவரி 30ஐக் கூடத் தடுக்க முடியாது. வேண்டாம்.

தமிழ்த் தேதி, திருவள்ளுவர் ஆண்டு, தாய்லாந்து ஆண்டு எல்லாம் வேண்டுமென்றால்?

உள்ளே கிரிகோரியன் தேதி ஒன்றை மட்டும் வையுங்கள். காட்டும் இடத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். திருவள்ளுவர் ஆண்டுக்கு 31 கூட்டினால் வந்துவிடும், ஆனால் அந்த ஆண்டு தையில் தொடங்குவதால் ஜனவரி முதல் பாதியில் ஒன்று குறைய வேண்டும்.

தாய்லாந்து அமைப்புள்ள மெஷினில் கூடுதல் கவனம் தேவை. அங்கே பௌத்த ஆண்டு வழக்கில் இருப்பதால் 2024 என்பது 2567. டாட்நெட் (மைக்ரோசாஃப்டின் நிரல் தளம்) நிரலில் தேதியை எழுத்தாக்கும்போது அமைப்பைக் குறிப்பிடாமல் விட்டால் 2567-03-05 என்று தரவுத்தளத்துக்குப் போகும். வடிவம் ஐஎஸ்ஓ போலவே இருப்பதால் எந்தச் சோதனையிலும் மாட்டாது. நிரலுக்குள் தேதியை எழுத்தாக்கும் இடங்களில் எல்லாம் இன்வேரியண்ட் கல்ச்சர் (எந்த நாட்டு வழக்கையும் சாராத அமைப்பு) என்று சொல்லிவிடுங்கள்.

பிறந்த ஆண்டு மட்டும்தான் தெரியும் என்கிறார்கள். 01/01 போடலாமா?

போடலாம், பக்கத்தில் இன்னொரு பத்தியில் ஆண்டு மட்டும் தெரியும் என்று குறித்துவைத்தால். அந்தக் குறி இல்லாவிட்டால் பத்து ஆண்டு கழித்து யாரோ ஒருவர் அதை உண்மையான பிறந்த நாள் என்று எடுத்துக்கொண்டு ஓய்வுத் தேதி கணக்கிடுவார்.

நாங்கள் கேட்ட வடிவத்தில்தான் தர வேண்டும் என்று வேறு மென்பொருள் அடம்பிடித்தால்?

அது கேட்பதைக் கொடுங்கள், வெளியே போகும் கடைசி வாசலில் மட்டும். மின்-இன்வாய்ஸ் ஜேசன் கோப்பு 05/03/2024 என்று நாள் முதலில் கேட்கிறது. டேலியின் எக்ஸ்எம்எல் 20240305 என்று கேட்கிறது. இரண்டையும் ஒரே டேட் பத்தியிலிருந்து தயாரிக்க முடியும். ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு டெக்ஸ்ட் பத்தி வைத்திருக்கும் டேபிள்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு மாதத்தில் அவை ஒன்றோடொன்று முரண்படத் தொடங்கிவிடும்.

சரி, புதிதாக ஒரு ஃபார்ம் செய்கிறேன். தேதிப் பெட்டியை எப்படி வைப்பது?

மாஸ்க் (பெட்டியில் எந்த இடத்தில் இலக்கம் வர வேண்டும் என்று கட்டுப்படுத்தும் அச்சு) போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். இரண்டு சாய்கோட்டை அது சரியான இடத்தில் வைக்கும், வரிசையைக் காக்காது. நாட்காட்டி நல்லது, ஆனால் நாளைக்கு முந்நூறு பில் அடிக்கிறவருக்கு மவுஸைத் தொட நேரம் இருக்காது. பிறந்த ஆண்டு 1958க்கு நாட்காட்டியில் பின்னோக்கிப் போவதும் கொடுமை.

என் வழக்கம் இது: பெட்டியில் அடிப்பது இலக்கங்களாகவே இருக்கட்டும், பக்கத்தில் நாள்/மாதம்/ஆண்டு என்று தமிழில் எழுதியிருக்கட்டும். எழுத்தை விண்டோஸ் கையில் கொடுக்காமல், நிரலிலேயே மூன்று துண்டாக உடைத்து, மாதம் 12க்கு மேல் இருந்தால் நிறுத்திக் கேளுங்கள். பெட்டியை விட்டு வெளியே வந்ததும் கீழே பெரிய எழுத்தில் திருப்பிக் காட்டுங்கள்: செவ்வாய், 5 மார்ச் 2024. தவறாகப் போயிருந்தால் வெள்ளி, 3 மே 2024 என்று வரும். எண்ணில் இருக்கும் தவறு கண்ணில் படாது. கிழமை படும், ஏனென்றால் இன்று என்ன கிழமை என்பது பில் போடுகிறவருக்குத் தெரியும்.